இரண்டே பேர், பாஸ் கிட்டார் கிடையாது: ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் மேடையில் அந்த வேகம் எங்கிருந்து வந்தது?

கம்பிமீட்டி எழுதியது:

அமெரிக்காவின் டெட்ராய்ட் ஊர் ராக் குழுவான ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் 2004 ஜனவரியில் இங்கிலாந்தின் பிளாக்பூலில் வாசித்த கச்சேரியின் படப்பதிவைப் போன வாரம் மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரே வாரத்தில் மூன்று தடவை. சூப்பர் 8 ஃபிலிமில் எடுத்திருக்கிறார்கள், படம் முழுக்கப் புள்ளிகள், சிவப்பு நிறம் மட்டும் கண்ணைப் பறிக்கும். ஜாக் ஒயிட்டிடம் கிட்டார், மெக் ஒயிட்டிடம் டிரம்ஸ், அங்கங்கே ஒரு கீபோர்டு. அவ்வளவுதான் குழு. பாஸ் கிட்டார் இல்லை, இரண்டாவது கிட்டார் இல்லை, பின்னால் ஓடும் டிராக் எதுவும் இல்லை.

ஒரு இடத்தைச் சொல்கிறேன். முன்னால் ஜனங்களைப் பார்த்து ஒரு மைக் இருக்கிறது. இன்னொரு மைக் டிரம்ஸ் பக்கத்தில், மெக்கைப் பார்த்தபடி. ஜாக் முன் மைக்கில் ஒரு வரி பாடிவிட்டு, பாதியில் விட்டு, அந்த இரண்டாவது மைக்குக்கு ஓடி மெக்கின் முகத்துக்கு நேராக அடுத்த வரியைக் கத்துகிறார். மெக் தலையைத் தூக்கி அவரைப் பார்க்கிறார், முடி முகத்தில் விழுந்திருக்கிறது, கை நிற்கவில்லை. கிட்டாரின் கழுத்து ஒரு சாண் கீழே இறங்குகிறது. இறங்கிய அந்த நொடி சரியாக சிம்பல் விழுகிறது. ஒத்திகை பார்த்து வந்த அடி இல்லை அது, பார்த்து வந்த அடி.

நானும் நண்பர்களும் நான்கு பேர் சேர்ந்து இவர்களுடைய பாட்டுகளை வாசிக்கிறோம். இரண்டு கிட்டார், பாஸ், நல்ல டிரம்மர் எல்லாம் உண்டு. இருந்தும் எங்கள் வாசிப்பு சப்பென்று இருக்கிறது. ஆள் கூடக் கூட சத்தம்தான் கூடுகிறது, அந்தப் பதற்றம் வரமாட்டேன் என்கிறது. அது எங்கிருந்து வருகிறது என்று இங்கே இருக்கிறவர்கள் மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

என் எண்ணத்தை முதலில் வைத்துவிடுகிறேன். அவர்கள் செட் லிஸ்ட் (முன்கூட்டியே எழுதிய பாட்டு வரிசை) இல்லாமல் மேடை ஏறுவார்கள். அடுத்து எந்தப் பாட்டு என்பது ஜாக் முதல் சுரத்தைத் தட்டும் வரை மெக்குக்கே தெரியாது. அடுத்து என்ன என்று தெரியாத இரண்டு பேர் ஒருவரை ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அந்த வேகம்.

இடதுகை_டிரம்ஸ் எழுதியது:

பதினொரு வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன், அதனால் மனதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம். மெக் ஒயிட்டின் வாசிப்பு எனக்கு ஒட்டவே இல்லை. கிக், ஸ்நேர், கிராஷ், மறுபடி கிக். டெம்போ ஒரே பாட்டுக்குள் ஏறுகிறது, இறங்குகிறது. ஃபில் (இடைவெளியை நிரப்பும் அடி) என்று ஒன்று வந்தால் அது அபூர்வம். நீங்கள் சொல்லும் மின்சாரம் முழுக்க ஜாக்கின் கையில் இருந்து வருகிறது, பின்னால் யார் உட்கார்ந்தாலும் அது வந்திருக்கும் என்றுதான் இதுவரை நினைத்திருக்கிறேன். செட் லிஸ்ட் இல்லாமல் வாசிப்பதும் பெரிய விஷயமாக எனக்குப் படவில்லை, ஜாஸ்காரர்கள் தினமும் செய்வதுதானே. யாராவது எனக்கு வேறு மாதிரி கேட்கக் கற்றுக்கொடுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

வால்வு_ஆம்ப் எழுதியது:

டிரம்ஸ் சண்டைக்கு அப்புறம் வருகிறேன். கம்பிமீட்டி கேட்டதில் பாதி பதில் பெட்டிக்குள் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜாக் வைத்திருந்த சிவப்பு கிட்டார் ஏர்லைன், 1960களின் நடுவில் வந்தது. மரம் கிடையாது, கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் உடம்பு. மாண்ட்கோமரி வார்ட் என்ற கடை கேட்டலாக் போட்டுத் தபாலில் விற்ற மலிவு சரக்கு, செய்தது சிகாகோவின் வால்கோ கம்பெனி. ஜே. பி. ஹட்டோ என்ற சிகாகோ ஸ்லைடு கிட்டார்காரர் இதே மாடலை வாசித்ததால் அவர் பெயரே அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இரண்டு. ஒன்று ஃபெண்டர் ட்வின் ரிவர்ப், இன்னொன்று சில்வர்டோன் 1485, ஆறு பத்து அங்குல ஸ்பீக்கர் உள்ள பெட்டி, அதுவும் சியர்ஸ் கடை கேட்டலாக்கில் விற்றதுதான். ஆக, கூலி வேலை பார்த்த ப்ளூஸ்காரனும் கராஜில் வாசித்த பள்ளிக்கூடப் பையனும் வாங்க முடிந்த அதே சாமான்.

இப்போது பாஸ் விஷயம். உலகமெங்கும் கால்பந்து மைதானத்தில் ஜனங்கள் வார்த்தையே இல்லாமல் பாடும் இவர்களுடைய 'செவன் நேஷன் ஆர்மி' ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் மெட்டு) பாஸ் கிட்டார் இல்லை. உள்ளே குழிவான பழைய கே கிட்டாரை டிஜிடெக் வாம்மி பெடல் வழியாக ஒரு ஆக்டேவ் கீழே இறக்கியது. 2003-ல் மிலானுக்கு மேட்ச் பார்க்கப் போன பெல்ஜியத்தின் கிளப் புரூகஸ் ரசிகர்கள் அதைப் பாட ஆரம்பித்தார்கள், அப்புறம் ரோமா, 2006 உலகக் கோப்பையில் இத்தாலி முழுக்க.

நேரில் இதனால் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். பாஸ் இருக்கும் குழுவில் கிட்டார் நின்றால் அடியில் ஒரு மெத்தை மிச்சம் இருக்கும். இங்கே ஜாக் கையை எடுத்தால் கிக் டிரம்மும் சிம்பலும் தவிர மேடையில் ஒன்றுமே இல்லை, காது திடீரென்று வெறுமையாகிவிடும். அந்த வெறுமைக்குள், சத்தத்தைக் கரகரப்பாக்கும் பிக் மஃப் பெடலை மிதித்து திரும்ப வந்தால் இரண்டு ஆம்பும் சேர்ந்து சுவர் மாதிரி விழும். சத்தத்தின் அளவு பெரிதல்ல, அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளம்தான் பெரிது. உங்கள் நான்கு பேர் குழுவில் அந்தப் பள்ளத்தை உங்கள் பாஸ்காரர் அன்போடு நிரப்பிக்கொண்டிருக்கிறார். ஒரு பாட்டுக்கு மட்டும் அவரை உட்காரச் சொல்லிப் பாருங்கள்.

இன்னொன்று. தன் மேடையைத் தானே கஷ்டமாக்கிக்கொள்வதாக ஜாக் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கீபோர்டைக் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைப்பார், பாட்டு நடுவே தாவிப் போய்த்தான் சேர முடியும். மைக் ஸ்டாண்டில் உபரி பிக் செருகி வைக்க மாட்டார், கையில் இருப்பது விழுந்தால் பின்னால் ஓடிப் போய் எடுக்க வேண்டும். கிட்டாரும் சுதி நிற்காத கிட்டார். இதெல்லாம் சேர்ந்து அந்த ஆளை ஒன்றரை மணி நேரம் சும்மா நிற்கவே விடாது.

ஸ்காபரோ_பெடியன் எழுதியது:

அண்ணாமார், நான் நேரில் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். 2007 ஜூலை, டொராண்டோவில் ஒன்டாரியோ ஏரிக்கரைத் திறந்தவெளி அரங்கு. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, கடையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த காசில் வாங்கியது புல்தரை டிக்கெட். வீட்டில் எங்கே போகிறேன் என்று அம்மாவிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஸ்காபரோவில் இருந்து பஸ், பிறகு சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார் என்று மாறி மாறிப் போய்ச் சேரவே நேரம் போய்விட்டது.

புல்தரையில் இருந்து பார்த்தால் இரண்டு பேரும் கைவிரல் அளவுதான் தெரிந்தார்கள். ஆனால் ஒன்று கவனித்தேன். வழக்கமாக டிரம்ஸ் பின்னால் நடுவில் இருக்கும். இங்கே பக்கவாட்டில், ஜாக்கைப் பார்த்தபடி திருப்பி வைத்திருந்தார்கள். நாங்கள் பார்த்தது மெக்கின் பக்கவாட்டு முகத்தை. கருப்புக் கோட்டும் தொப்பியும் போட்ட ஆட்கள் கிட்டார் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், அவர்கள் மேடை வேலையாட்கள் என்று பிறகுதான் விளங்கியது.

நான் மறக்காதது ஒரு நிறுத்தம். ஒரு ஸ்லைடு பாட்டு நடுவில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை எடுத்தார்கள். என் பக்கத்தில் ஒரு பெட்டை கையில் இருந்த பிளாஸ்டிக் கப்பை நசுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை ஆயிரம் சனம் நின்ற இடத்தில் ஒரு கப் நசுங்கும் சத்தம். ஜாக் மெக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார், மெக்கும் கையில் குச்சியைத் தூக்கியபடி அவரைப் பார்த்துக்கொண்டே. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது, எனக்கு மூச்சு விடத் தோன்றவில்லை. பிறகு அடித்தார்கள். முன்னால் நின்ற தாடிக்காரர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே புல்லில் குந்திவிட்டார்.

இடதுகை அண்ணா, பின்னால் யார் இருந்தாலும் அது வந்திருக்கும் என்று எழுதினீர்கள். அந்த நிறுத்தத்தை முடித்தது ஜாக் இல்லை. குச்சி மெக்கின் கையில் இருந்தது.

அந்தப் பயணத்தில் கனடாவின் எல்லா மாகாணங்களிலும் வடக்கே இருக்கும் மூன்று பிரதேசங்களிலும் வாசித்தார்கள். நூனவூட்டின் இக்காலுவிட் வரைக்கும் போனார்கள். பெரிய அரங்கு தவிர பகலில் வின்னிபெக்கில் ஒரு பஸ்ஸுக்குள், சாஸ்கடூனில் பௌலிங் விளையாடும் இடத்தில் என்று சும்மா போய் நின்று வாசித்தார்கள். ஜூலை 16 அன்று நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸில் பகலில் ஒரே ஒரு சுரம். கிட்டார் ஒரு தட்டு, டிரம்ஸ் ஒரு அடி, முடிந்தது. கூடியிருந்த சனம் அதுக்கே ஆர்ப்பரித்தது. இரவில் முழுக் கச்சேரி தனியாக வாசித்தார்கள்.

டெல்டா_கேட்பவன் எழுதியது:

இந்த வேகம் டெட்ராய்ட்டில் இருந்து மட்டும் வரவில்லை, மிசிசிப்பியில் இருந்து வந்தது. அதைச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

ஜாக் ஒயிட்டின் ஆசான் என்றால் மிசிசிப்பியின் கறுப்பின ப்ளூஸ் பாடகர் சன் ஹவுஸ். ஒயிட் ஸ்ட்ரைப்ஸின் முதல் ஆல்பம் 1999-ல் வந்தது, அதை சன் ஹவுஸுக்குத்தான் சமர்ப்பித்தார்கள். 2000-ல் வந்த இரண்டாவதை ப்ளூஸ் பாடகர் பிளைண்ட் வில்லி மெக்டெல்லுக்கும், டச்சு வடிவமைப்பாளர் ரீட்ஃபெல்டுக்கும். சன் ஹவுஸ் 1930-ல் பாரமவுண்டுக்கு ஒலிப்பதிவு செய்தவர், பிறகு காணாமல் போனவர், 1964-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அடுத்த வருடம் கொலம்பியாவில் ஒலிப்பதிவு. அதில் ஒரு பாட்டுக்குக் கிட்டாரே இல்லை, வெறும் குரல், கைத்தட்டு. அந்தக் கைத்தட்டும் ஒழுங்கான தாளத்தில் நிற்காது. தனக்கு மிகப் பிடித்த பாட்டு அதுதான் என்று ஜாக் ஒரு ஆவணப்படத்தில் அதைப் போட்டுக் காட்டுவார். ஒரு ஆளின் குரலும் இரண்டு உள்ளங்கையும் போதும் என்று பதினெட்டு வயதில் கேட்டுப் புரிந்துகொண்டவனுக்கு, ஒரு டிரம்ஸ் கிடைத்தால் அதுவே பெரிய வாத்தியக் கோஷ்டி.

இதைப் படிக்கிற பலருக்குத் தெரியாத ஒன்று. சன் ஹவுஸ் கடைசிக் காலத்தில் டெட்ராய்ட்டுக்குத்தான் குடிவந்தார், 1988-ல் அங்கேயே இறந்தார், அங்கேதான் புதைத்தார்கள். ஜாக் 1975-ல் அதே ஊரில் பிறந்த பையன். அந்தக் கிழவர் போகும்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும்.

சன் ஹவுஸின் 'டெத் லெட்டர்' பாட்டை இவர்கள் மேடையில் வாசிப்பதைத் தேடிக் கேளுங்கள். ஆல்பத்தில் அடக்கமாக இருக்கும், மேடையில் மெதுவாகத் தொடங்கி ஓட்டம் பிடித்து, நின்று, வேறு பாட்டின் வரிகளை இழுத்துக்கொண்டு மறுபடி ஓடும். 2004 கிராமி மேடையிலும் தங்கள் பெரிய ஹிட்டின் நடுவே அதை நுழைத்தார்கள். அந்த மேடை சன் ஹவுஸுக்குக் கிடைக்காத மேடை. கறுப்பினக் கலைஞர்களிடம் எடுத்ததை வெள்ளைக்கார ராக் குழுக்கள் பெயர் சொல்லாமல் விழுங்கிய கதை நீளமானது, அந்தக் கோபம் எனக்கு உண்டு. இவர்கள் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொன்னார்கள், அதற்காக மரியாதை கொடுக்கிறேன்.

டெட்ராய்ட்டிலேயே முன்னோடிகள் உண்டு. கோரிஸ் என்ற மூன்று பேர் குழு, 1980களின் பின்பாதியில், இரண்டு கிட்டார், மிக எளிய டிரம்ஸ், பாஸ் இல்லை. டிரம்ஸில் பெகி ஓநீல். மெக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அதைக் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால் எம்சி5 என்ற ராக் குழு, தங்கள் முதல் ஆல்பத்தையே 1968 அக்டோபரில் கிராண்ட் பால்ரூம் மேடையில் நேரடியாகப் பதிந்தவர்கள். மேடைதான் உண்மையான இடம் என்ற எண்ணம் அந்த ஊர்த் தண்ணீரிலேயே இருக்கிறது.

செங்கல்சிவப்பு எழுதியது:

மெக்கைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும்.

அவர் 1997-ல்தான் முதன்முதலில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தார், அதுவும் ஜாக்கின் டிரம்ஸில், சும்மா. அதே வருடம் டெட்ராய்ட்டின் காஸ் அவென்யூவில் கோல்ட் டாலர் என்ற சின்ன பாரில் மேடை ஏறிவிட்டார்கள். டெம்போ ஏறி இறங்குகிறது என்று இடதுகை சொல்வது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஏறும்போது யாரோடு ஏறுகிறது என்று கேளுங்கள். ஜாக் ஒரு வரியை இழுத்துப் பாடினால் மெக்கின் அடுத்த அடி அவர் வாய் மூடும் வரை காத்திருக்கும். ஜாக் அவசரப்பட்டால் கிக் முன்னால் சாயும். சன் ஹவுஸின் கைத்தட்டும் இதேபோலத்தான் பாட்டைத் தொடர்ந்து போகும், அதனால்தான் டெல்டா_கேட்பவன் எழுதியதைப் படித்தவுடன் எனக்கு மெக் ஞாபகம் வந்தார். ஃபில் அடிக்காமல் விட்ட ஒவ்வொரு இடத்திலும் ஜாக்குக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது.

ஜாக் 2012-ல் தனியாகக் கிளம்பியபோது இரண்டு முழுக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார், ஒன்று முழுக்கப் பெண்கள், இன்னொன்று முழுக்க ஆண்கள். இன்று இரவு யார் வாசிப்பது என்பதை அன்றன்றைக்குத்தான் முடிவு செய்வார். எல்லோரும் அசுர வாசிப்பு. எனக்கும் பிடிக்கும். ஆனால் மெக்கோடு இருக்கும்போது சும்மா கிடைத்த அந்த நிச்சயமின்மையை உண்டாக்க இத்தனை பேரும் இத்தனை ஏற்பாடும் தேவைப்பட்டது, பாருங்கள்.

2007 செப்டம்பரில் மெக்கின் மனப் பதற்றம் காரணமாக மீதிப் பயணத்தை ரத்து செய்தார்கள். அவர் அதிகம் பேசாதவர், பேட்டிகளில் குரல் எழும்பாது. மேடையில் ஒன்றரை மணி நேரம் தினமும் அவர் தன்னை எவ்வளவு திறந்து வைத்திருந்தார் என்று நினைத்தால் அந்த முடிவு எனக்குப் புரிகிறது. இன்றும் இணையத்தில் அவரைக் கேலி செய்யும் பதிவுகளைப் பார்க்கிறேன், வலிக்கிறது.

வால்வு_ஆம்ப் எழுதியது:

செங்கல்சிவப்பு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிளாக் கீஸ் ஞாபகம் வருகிறது. ஓஹையோவின் ஆக்ரன் ஊர், அவர்களும் கிட்டாரும் டிரம்ஸுமாக இரண்டே பேர், ஜூனியர் கிம்ப்ரோவின் வழியில் வந்தவர்கள், ஒரே தாளத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வரும் வடக்கு மிசிசிப்பி ப்ளூஸ். 2010 வாக்கில் பயணங்களுக்குப் பாஸ், கீபோர்டு ஆட்களைச் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டு நன்றாக நிறைந்து கேட்டது, அரங்கமும் பெரிதானது. ஆனால் ஆரம்ப காலப் பதிவுகளில் டிரம்ஸ் உடைந்து விழுந்துவிடுமோ என்று ஒரு பயம் வரும் இல்லையா, எனக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

கம்பிமீட்டி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஸ்காபரோ தம்பி, அந்தக் கப் நசுங்கிய சத்தத்தை நான் இனி மறக்கப் போவதில்லை.

2007 ஜூலை 31, மிசிசிப்பியின் சவுத்ஹேவன். அதுதான் கடைசி முழுக் கச்சேரி. வாசித்தவர்களுக்கு அது கடைசி என்று தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. பிரிந்துவிட்டதாக அறிவிப்பு வந்ததே 2011 பிப்ரவரியில்தான். டெட்ராய்ட் பாரில் ஆரம்பித்து, ஊர் ஊராகச் சுற்றி, சன் ஹவுஸ் பிறந்த மாநிலத்தில் முடிந்திருக்கிறது. கடைசியாக வாசித்தது லெட்பெல்லி பாடிய பருத்திப் பூச்சிப் பாட்டு, ஜனங்களைக் கூடவே பாடச் சொல்லி முடிப்பார்கள், அன்றும் அப்படித்தான்.

நேற்று எங்கள் பாஸ்காரனிடம் வால்வு_ஆம்ப் சொன்னதைப் படித்துக் காட்டினேன். சரி, ஒரு பாட்டு உட்காருகிறேன் என்றான்.

இடதுகை_டிரம்ஸ் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், சும்மா வாதாட வேண்டாம், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

கிட்டார் வாசிக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். தாளம் காட்டும் கிளிக் டிராக்கை அணைத்தோம். கிக், ஸ்நேர், ஒரு கிராஷ், ஒரு ஹை-ஹாட், மீதி எல்லாவற்றையும் கழற்றி ஓரமாக வைத்தேன். 'டெத் லெட்டர்' எடுத்தோம், எங்கே நிற்பது, எங்கே ஓடுவது எதுவும் பேசிக்கொள்ளவில்லை. முதல் இரண்டு தடவை ஃபில் அடிக்காமல் இருப்பதே எனக்குப் பெரிய பாடாக இருந்தது, கை தானாக டாம் டிரம் இருந்த இடத்துக்குப் போய்க் காற்றை அடித்தது. மூன்றாவது தடவை அவன் பாதியில் நிறுத்திவிட்டான். நான் அடித்துக்கொண்டே போய்விட்டேன். நிறுத்தினேன் பார்க்கவில்லையா என்றான். நான் பார்க்கவில்லை. எப்போதும் நான் ஸ்நேரைத்தான் பார்ப்பேன், இல்லை என்றால் தரையை. பதினொரு வருடமாக.

அதற்கப்புறம் டிரம்ஸைத் திருப்பி வைத்தோம், அவனுக்கு நேராக. ஆறாவது தடவை ஒரு நிறுத்தம் வந்தது, அவன் தோள் அசையும் வரை குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன், மணிக்கட்டு நடுங்கியது, இறக்கிவிடலாமா என்று தோன்றிய நேரத்தில் அவன் தோள் இறங்கியது. நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தோம். மெக்குக்கு வருவது எனக்கு வரவில்லை, அவர் இதைத் தினமும் ஆயிரக்கணக்கான பேர் முன்னால் செய்தார். அவரைப் பற்றி மேலே நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி உட்காருகிறோம். டெல்டா_கேட்பவன், கோரிஸ் குழுவில் முதலில் எதைக் கேட்பது என்று சொல்லுங்கள்.